தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் இயற்கணிதமும்

(தென்காசியில், தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மாலைப் படிப்பு வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த இடத்தில் நாம் எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். கூலி உயர்வுக்குப் போட்டிருக்கிறோம், போனசுக்குப் போட்டிருக்கிறோம், குடிதண்ணீருக்குப் போட்டிருக்கிறோம். இன்றைக்கு ஒரு கணக்குப் பாடத்துக்காகக் கூட்டம் போட்டிருக்கிறோம். "கட்சிக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா, எக்ஸ், ஒய் என்று பேசக் கிளம்பிவிட்டார்கள்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த வகுப்பை நடத்துகிற நாங்கள் யாரும் பட்டம் பெற்றவர்கள் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். கணக்கிலே மயிரிழையில் தேறியவர்கள். ஆகவே இங்கே பண்டிதர் யாரும் பேசவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

கூலிக்காரன் பிள்ளைக்கு எக்ஸ் எதற்கு?

இந்தக் கேள்வி புதியதல்ல. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி சர்க்கார் ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமத்துத் துவக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் தகப்பன் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். வண்ணான் பிள்ளைக்கு வெளுப்பு, குயவன் பிள்ளைக்குச் சக்கரம், பண்ணையாள் பிள்ளைக்கு மண்வெட்டி என்பதுதான் அதன் அர்த்தம் என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போயிற்று. ஆனால் அந்த எண்ணம் போயிற்றா? நம்முடைய வீட்டுக்குள்ளேயே அல்லவா அது உட்கார்ந்திருக்கிறது! "நமக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்? கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதாதா?" என்று நாமே பிள்ளைகளிடம் சொல்கிறோம். ராஜாஜி சர்க்கார் உத்தரவு போட்டுச் செய்ய முடியாததை, உத்தரவு இல்லாமலே நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்றைய நிலைமை என்ன? பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கில் தவறினால் மேலே பிளஸ் ஒன் கிடையாது. டிப்ளமா படிக்கவும், ரயில்வே பரீட்சை எழுதவும், மில்லிலே பிட்டராகவோ எலெக்ட்ரீஷியனாகவோ போகவும் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பாதி, எக்ஸ் என்ற எழுத்தின் மேல் நிற்கிறது. எக்ஸ் தெரியாத பிள்ளைக்கு அந்தக் கதவுகளெல்லாம் சாத்தப்படுகின்றன. சத்தமில்லாமல் சாத்தப்படுவதால் நமக்குத் தெரிவதில்லை.

ஒரு பெண்ணின் நோட்டுப் புத்தகம்

2024 ஜூன் மாதம். குற்றாலத்தில் சீசன் துவங்கிய நேரம். ஒரு தாய் தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம்முடைய வகுப்புக்கு வந்தார். பெயர் வேண்டாம், அந்தத் தாயும் மகளும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். தாய் பீடி சுற்றுகிறார். தகப்பனார் வருஷத்தில் எட்டு மாதம் வயல் வேலை. சீசன் வந்தால் குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போகிறவர். பெண் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"அண்ணாச்சி, இவ பள்ளிக்கூடத்துக்குப் போ மாட்டேங்கா. கணக்கு வரலியாம். எங்கூட பீடி சுத்துதேங்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் தாய்.

பெண் தலை குனிந்து நின்றாள். நோட்டை வாங்கிப் பார்த்தோம். ஒரு கணக்கு இப்படி இருந்தது:

3 எக்ஸ் + 5 = 20

அதன் கீழே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 8 எக்ஸ் = 20. அதோடு நின்றிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

இங்கே நாங்கள் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். சுயவிமர்சனம் மற்றவர்களுக்கு மட்டும் உள்ள சரக்கல்ல. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்த சூத்திரத்தை அப்படியே எடுத்து நீட்டினோம். "இதோ பார் அம்மா, இந்தப் பக்கம் கூட்டல் இருந்தால் அந்தப் பக்கம் போகும்போது கழித்தல் ஆகிவிடும். அவ்வளவுதான். போடு!" என்றோம்.

பெண் போட்டாள். 5 அந்தப் பக்கம் போயிற்று; 3 எக்ஸ் = 15 என்று எழுதினாள். சரி. அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? 3-ஐயும் அந்தப் பக்கம் அனுப்பினாள். எக்ஸ் = 15 − 3. விடை 12.

எங்களுக்குக் கோபம் வந்தது. "3 பெருக்கலில் அல்லவா இருக்கிறது? வகுக்க வேண்டாமா?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டோம். அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் செய்தது தவறா, தோழர்களே? நாங்கள் சொன்னதைத்தான் அவள் செய்தாள்! அந்தப் பக்கம் போனால் கழித்தல் என்றோம், கழித்தாள். ஏன் என்று நாங்கள் சொல்லவில்லை. காரணம் சொல்லாத சூத்திரம் எஜமானனுடைய உத்தரவு மாதிரி. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று கேட்க வழியில்லை. தவறினால் அடி மட்டும் விழும்.

தாய் சொன்ன விடை

மறுநாள் நாங்கள் அவர்கள் வீட்டுக்கே போனோம். தாய் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பெண் பக்கத்தில் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணிடம் கேட்கவில்லை, தாயிடம் கேட்டோம்.

"மூணு பென்சிலும் அஞ்சு ரூபாய்க்கு ஒரு ரப்பரும் வாங்கினேன். மொத்தம் இருபது ரூபாய் ஆச்சு. பென்சில் ஒண்ணு என்ன விலை?"

தாய் கையை நிறுத்தவில்லை. நூல் சுற்றுகிற விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. "அஞ்சு ரூவா" என்றார்.

"எப்படிச் சொன்னீங்க?"

"ரப்பருக்கு அஞ்சக் கழிச்சா பதினஞ்சு. மூணு பென்சிலுக்குப் பதினஞ்சுன்னா ஒண்ணு அஞ்சுதான? இதக்கூடவா கேப்பாக?"

நோட்டைத் திறந்து 3 எக்ஸ் + 5 = 20 என்பதைக் காட்டினோம். "நீங்கள் இப்போது போட்டது இந்தக் கணக்குத்தான்" என்றோம். தாய் சிரித்துவிட்டார். "இதுக்கா ஏளா அழுத?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் திணறுகிற தாய், ஒன்பதாம் வகுப்புக் கணக்கை நூல் சுற்றிக்கொண்டே போட்டுவிட்டார். அந்தப் பெண் தன் தாயை அதற்கு முன் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறோம்.

இந்தத் திறமை அந்த ஒரு தாய்க்கு மட்டும் உள்ளதா? நடவுக்குப் போகிற பெண்களைக் கேளுங்கள். 12 பேர் சேர்ந்து ஒரு வயலை மொத்தமாகப் பேசி நட்டார்கள். நாற்றுச் சுமந்தவருக்கு 600 ரூபாய். ஆக மொத்தம் 4,200 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு? வரப்பில் உட்கார்ந்து 300 என்று பிரித்துவிடுவார்கள். புத்தகத்தில் இதையே 12 எக்ஸ் + 600 = 4,200 என்று எழுதுகிறார்கள்.

மில் தொழிலாளியைக் கேளுங்கள். 26 நாள் வேலை. பிராவிடண்டு பண்டுக்கு 1,560 ரூபாய் பிடித்தம். கையில் வந்தது 11,440. நாள் கூலி எவ்வளவு? பிடித்ததைக் கூட்டினால் 13,000. 26-ஆல் வகுத்தால் 500. புத்தகத்தில் இது 26 எக்ஸ் − 1,560 = 11,440. இவையெல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கூலி வேறாக இருக்கலாம். ஆனால் வழி ஒன்றுதான்.

எக்ஸ் என்பது பூதமல்ல. இன்னும் தெரியாத ஒரு எண்ணுக்கு வைத்த பெயர். ஆள் யாரென்று தெரிகிறவரை 'அந்த ஆள்' என்று சொல்கிறோம் அல்லவா, அதைப் போல. 3 எக்ஸ் என்றால் மூன்று பென்சில். 5 என்றால் ஐந்து ரூபாய். மூன்று பென்சிலையும் ஐந்து ரூபாயையும் சேர்த்து எட்டுப் பென்சில் என்று சொல்வோமா? அந்தப் பெண் முதலில் எழுதிய 8 எக்ஸ் ஏன் தவறு என்பது அவளுக்கே அப்போது விளங்கியது.

சிரட்டைத் தராசு

அடுத்தபடியாக ஒரு தராசு செய்தோம். குற்றாலத்தில் பழக்கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் நிறுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது மின் தராசு வந்துவிட்டது. நாங்கள் பழைய இரட்டைத் தட்டுத் தராசைச் செய்தோம். ஒரு கம்பு, இரண்டு சிரட்டை, கொஞ்சம் நூல். நிறுப்பதற்குப் புளியமுத்து.

ஒரு சிரட்டையில் மூன்று காகிதப் பொட்டலம், அதோடு 5 புளியமுத்து. மறு சிரட்டையில் 20 புளியமுத்து. கம்பு நேராக நின்றது. மயிரளவு சுத்தமாக நின்றது என்று சொல்ல மாட்டோம். புளியமுத்து எல்லாம் ஒரே எடையா? ஆனால் பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்தது.

"பொட்டலத்தைப் பிரிக்காமல், உள்ளே எத்தனை என்று கண்டுபிடி" என்றோம்.

ஒரு பையன் இந்தப் பக்கத்து 5 முத்தை எடுத்துவிட்டான். கம்பு சாய்ந்துவிட்டது. "அந்தப் பக்கமும் அஞ்சு எடு" என்று இந்தப் பெண்தான் சத்தம் போட்டாள். எடுத்தார்கள், நேராயிற்று. இப்போது மூன்று பொட்டலத்துக்கு 15 முத்து. அந்தப் பெண் 15-ஐ மூன்று குவியலாகப் பிரித்துப் பொட்டலத்துக்கு ஒன்றாக எதிரே வைத்தாள். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்து எண்ணினாள். ஐந்து.

சமன்பாடு என்பது இவ்வளவுதான், தோழர்களே. சமக் குறி ஒரு தராசு. இந்தத் தட்டில் எதை எடுக்கிறாயோ அதை அந்தத் தட்டிலும் எடு. இதை இத்தனை பங்காகப் பிரித்தால் அதையும் அத்தனை பங்காகப் பிரி. எதுவும் அந்தப் பக்கம் குதித்துப் போவதும் இல்லை, குறி தானாக மாறுவதும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே நியாயம், அதுதான் சட்டம்.

இந்தச் சமக் குறியை 1557-ல் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ் நாட்டுக்காரர். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட அதிகச் சமமான பொருள் இரண்டு கிடையாது என்று அதற்குக் காரணமும் எழுதி வைத்தார்.

விட்டுப்போன படிக்கட்டு

விஷயம் இதோடு முடிந்துவிடவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் வேறு இடத்தில் இடறினாள்.

2 எக்ஸ் + 9 = 3

இரண்டு பக்கமும் 9-ஐ எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் 3-ல் 9 போனால்? 6 என்று எழுதினாள். கழித்தல் குறி இல்லை. அடுத்த கணக்கிலும் அப்படியே. பூஜ்யத்துக்குக் கீழே எண் உண்டு என்பதே அவள் மனதில் உறைக்கவில்லை.

ஏன்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதம். அந்த நேரத்தில் இவள் படிக்க வேண்டியது ஐந்தாம் வகுப்பு முழுதும், ஆறாம் வகுப்பில் பாதியும். பின்னக் கணக்குப் பழகுகிற காலம் அது. பூஜ்யத்துக்குக் கீழே உள்ள எண்களும் எக்ஸும் முதல் தடவையாக வருகிற காலமும் அதுவே. கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏதோ பாடம் கேட்டார்கள். இவள் வீட்டில் அது இல்லை. தாயோடு இலை வெட்டினாள். பிறகு பாஸ், பாஸ் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

மச்சுக்கு ஏறுகிற படிக்கட்டில் நடுவிலே மூன்று படி இல்லை. கீழே விழுந்தவளைப் பார்த்து "உனக்கு ஏறத் தெரியவில்லை" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட 2021 அக்டோபரில் சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் துவக்கியது. 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்கு அந்தந்தத் தெருவிலேயே மாலை வகுப்பு. நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத் தொகை. நம் தெருக்களிலும் படித்த பெண்கள் பொறுமையோடு பாடம் சொன்னார்கள். அதன் நல்லதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. ஆனால் மாலை ஒன்றரை மணி நேரத்தால் 19 மாதத்தை முழுதும் ஈடு செய்துவிட முடியுமா? விட்டுப்போன படிகள் இன்னும் பல பிள்ளைகளின் காலடியில் விட்டுப்போனபடியே இருக்கின்றன.

ஆகவே நாங்கள் பின்வாங்கினோம். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவிட்டு ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தோம். பெண்ணுக்கு முதலில் வெட்கம். "தம்பி புத்தகமா?" என்றாள். யுத்தத்தில் சரியான இடத்துக்குப் பின்வாங்குவது தோல்வி அல்ல என்று சொன்னோம்.

கழித்தல் எண்ணை எப்படிச் சொன்னோம்? இரண்டு வழி. ஒன்று பஸ். தென்காசியைப் பூஜ்யம் என்று வை. குற்றாலம் பக்கம் போகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் கூட்டல். பாவூர்சத்திரம் பக்கம் போகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் கழித்தல். குற்றாலம் பக்கம் 3 கிலோமீட்டரில் நிற்கிற பஸ் 9 கிலோமீட்டர் திரும்பி வந்தால் எங்கே நிற்கும்? தென்காசியைத் தாண்டி 6 கிலோமீட்டர் அந்தப் பக்கம். அதுதான் கழித்தல் 6.

இன்னொன்று கடன். இது நம் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. கையில் 3 ரூபாய், கொடுக்க வேண்டியது 9 ரூபாய். நம் நிலைமை என்ன? 6 ரூபாய் கடன். பிரம்மகுப்தர் என்ற இந்தியக் கணித அறிஞர் கி.பி. 628-ல் எழுதிய நூலில் கூட்டல் எண்ணுக்குத் தனம் என்றும், கழித்தல் எண்ணுக்கு ருணம், அதாவது கடன் என்றும்தான் பெயர் வைத்து விதிகள் வகுத்தார். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கடன் என்றால் தெரியாதா? எத்தனையோ தலைமுறையாகப் படித்த பாடமாயிற்றே!

2 எக்ஸ் = −6. எக்ஸ் = −3. அன்றைக்கு அந்தக் கழித்தல் குறியைக் கொஞ்சம் அழுத்தியே எழுதினாள்.

ஒடிந்ததைக் கட்டும் வித்தை

இயற்கணிதத்துக்கு அல்ஜீப்ரா என்று பெயர் எப்படி வந்தது? ஏறக்குறைய 1,200 வருஷங்களுக்கு முன் பாக்தாத் நகரில் அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் அரபு மொழியில் ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பிலே வருகிற 'அல் ஜபர்' என்ற சொல்தான் அல்ஜீப்ரா ஆயிற்று. அந்தச் சொல்லுக்கு ஒடிந்ததைச் சேர்ப்பது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று அர்த்தம். எலும்பு ஒடிந்தால் கட்டுவதற்கும் அதே சொல்தான். நம் ஊரில் கை ஒடிந்தால் புத்தூர்க் கட்டுப் போடுகிறோமே, அதுதான் அல்ஜீப்ரா என்று பிள்ளைகளிடம் சொன்னோம், ரசித்துச் சிரித்தார்கள்.

அந்த நூலை அவர் எதற்காக எழுதினார்? சொத்துப் பிரிவினை, வியாபாரம், நிலம் அளப்பது, வாய்க்கால் வெட்டுவது ஆகிய காரியங்களில் ஜனங்களுக்குப் பயன்படும் என்றே எழுதினார். வாய்க்காலிலும் வரப்பிலும் பிறந்த கணக்கு, வாய்க்கால் வெட்டுகிறவன் பிள்ளைக்கு எட்டாத கணக்காக எப்படி ஆயிற்று?

நம் ஊர்ச் சரித்திரத்தைப் பார்த்தால் தெரியும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி சொல்லிக்கொடுத்தார்கள். கால், அரை என்பதிலிருந்து 320-ல் ஒரு பங்கான முந்திரி வரையில் பின்னக் கணக்குப் பழக்கினார்கள். ஆனால் அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை. கிராமக் கணக்குப்பிள்ளை வேலை பரம்பரையாக ஒரு சில குடும்பங்களில் இருந்தது. 1980-ல்தான் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. கணக்குத் தெரிந்தவர் அளந்தார், தெரியாதவர் வாங்கிக்கொண்டு போனார். கணக்கு என்பது அறிவு மட்டுமல்ல, தோழர்களே. அது ஒரு அதிகாரமாகவும் இருந்திருக்கிறது.

மார்க்ஸும் தடுமாறினார்

"எனக்கு மூளை இல்லை" என்று அந்தப் பெண் ஒருநாள் சொன்னாள். அவளிடம் மார்க்ஸைப் பற்றிச் சொன்னோம்.

1858 ஜனவரி. மார்க்ஸ் லண்டனில் இருக்கிறார். வயது 39. பின்னால் 'மூலதனம்' ஆக வரப்போகிற ஆராய்ச்சியை இரவு பகலாக எழுதிக்கொண்டிருக்கிறார். அப்போது எங்கெல்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். கூட்டல் கழித்தலில் தவறு தவறாக வந்து வேலையே தடைப்படுகிறது, வெறுத்துப்போய் இயற்கணிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன், சாதாரண எண் கணக்கு எனக்கு என்றுமே வந்ததில்லை, இயற்கணிதத்தின் வழியே சுற்றிப் போய்த்தான் மீண்டும் வேகம் பிடித்தேன் என்று அதில் சொல்கிறார். முதலாளியின் லாபம் எங்கிருந்து பிறக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன மேதைக்கே கூட்டல் கழித்தல் தகராறு செய்திருக்கிறது! அவர் என்ன செய்தார்? 39 வயதில் பின்வாங்கி, பாடப்புத்தகத்தைத் திறந்தார். 14 வயதுப் பெண் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க எதற்காக வெட்கப்பட வேண்டும்?

மிசிசிப்பியில் நடந்தது

இன்னொரு தோழரைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் மோசஸ் என்று ஒரு கறுப்பின ஆசிரியர். 1935-ல் பிறந்தவர். 1960-களில் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போனார். பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்டும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த கறுப்பு மக்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. சட்டத்தில் இருந்தது, கையில் இல்லை. பதிவு செய்யப் போனால் எழுத்துப் பரீட்சை வைப்பார்கள், அரசியல் சட்டத்துக்கு அர்த்தம் சொல்லச் சொல்வார்கள். படிக்க விடாமல் வைத்திருந்த ஜனங்களை, படிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மோசஸ் அந்த ஜனங்களோடு நின்றார். அடிபட்டார், சிறை சென்றார்.

அதே மனிதர் 1982-ல் என்ன செய்தார் தெரியுமா? தம் மகள் படித்த எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அறிந்து, பள்ளிக்கூடத்துக்கே போய் அந்தப் பெண்ணுக்கும் கூடப் படித்த சில பிள்ளைகளுக்கும் தாமே பாடம் நடத்தினார். அதிலிருந்து 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' என்ற இயக்கம் பிறந்து, ஏழைப் பிள்ளைகள் படிக்கிற பல பள்ளிகளுக்குப் பரவியது. நகர ரயிலில் பிள்ளைகளை ஏற்றி, எந்த ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை ஸ்டேஷன் என்று பார்க்க வைத்துக் கூட்டல் கழித்தல் எண்களைச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் சொன்ன தென்காசி பஸ் கணக்குக்கு மூலம் அதுதான். 2021-ல் அவர் காலமானார். அன்று ஓட்டுரிமை எப்படியோ, இன்று ஏழைப் பிள்ளைக்குக் கணக்கு அப்படி என்பது அவருடைய கருத்து. ஓட்டுக்காக அடி வாங்கிய மனிதர் சொன்ன வார்த்தை. லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று கேள்விகள்

"எங்களுக்கே எழுத்துத் தெரியாதே, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்க?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: "இதிலே என்ன தெரியாது? எதைக் கண்டுபிடிக்கணும்?" பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் கணக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அதை ஒரு கடைக்கணக்காக, கூலிக் கணக்காக மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: "இப்ப செஞ்சியே, ஏன் அப்படிச் செஞ்சே?" தவறாகச் செய்தால் மட்டுமல்ல, சரியாகச் செய்தாலும் கேளுங்கள். "டீச்சர் சொன்னாங்க" என்பது பதில் அல்ல. இரண்டு தட்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதுதான் பதில். பிள்ளை யோசிக்கிறபோது குறுக்கே பேசாதீர்கள். அவசரப்பட்டு நாங்கள் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: "விடையைத் திரும்ப வச்சுப் பார்த்தியா?" இது பெரிய ஆயுதம். எக்ஸ் 12 என்றாள் அல்லவா? வைத்துப் பார்: மூன்று பன்னிரண்டு 36, அதோடு 5 சேர்த்தால் 41. ஆனால் 20 அல்லவா வர வேண்டும்? ஆகவே 12 தவறு. எக்ஸ் 5 என்றால்? மூன்று ஐந்து 15, அதோடு 5, 20. சரி. வாத்தியார் சிவப்பு மை எடுக்கிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. சரியா தவறா என்று தானே கண்டுகொள்கிற பிள்ளை யாருக்கும் பயப்படாது.

இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தறிவு வேண்டாம். மாலையில் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியில் தொலைக்காட்சியை அணைக்க வேண்டும். தகப்பன்மார் நேரத்தோடு வீட்டுக்கு வர வேண்டும். அது எங்கெங்கே தடைப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அதோடு, நம் கோரிக்கையும் இருக்க வேண்டும். கணக்கு வாத்தியார் இடம் காலியாகக் கிடக்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோர் திரண்டு போய்க் கேட்க வேண்டும். விட்டுப்போன படியை அடையாளம் கண்டு பின்தங்கிய பிள்ளைக்குத் தனிக் கவனம் கொடுக்கிற ஏற்பாடு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வர வேண்டும். திண்ணையில் நாங்கள் நடத்துகிற வகுப்பு கைவிளக்கு மாதிரிதான். தெரு விளக்குப் போட வேண்டியது சர்க்காரின் கடமை.

கணக்குச் சரி, கூலி?

கடைசியாக ஒரு சம்பவம். சில மாதம் கழித்து அந்தப் பெண் தன் தாயின் கூலி நோட்டைக் கொண்டுவந்தாள். அந்த வாரம் 4,000 பீடி சுற்றியிருந்தார். இலைக் குறைவுக்கு 60 ரூபாய் பிடித்து 940 ரூபாய் கொடுத்திருந்தார்கள். அவளே எழுதியிருந்தாள்: 4 எக்ஸ் − 60 = 940. இரண்டு பக்கமும் 60 கூட்டினால் 4 எக்ஸ் = 1,000. எக்ஸ் = 250. ஆயிரம் பீடிக்கு 250 ரூபாய். திரும்ப வைத்தும் பார்த்திருந்தாள்.

"தப்பு இருக்கும்னு நினைச்சேன் சார். கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றாள். சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கூலிதான் குறைச்சல்" என்றாள்.

எங்களுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ் எவ்வளவு என்று சமன்பாடு சொல்லும். அது எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதைத் தொழிலாளிகள் ஒன்றுகூடித்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் முதலாவது தெரியாமல் இரண்டாவதைப் பேசப் போனால் பேச்சுவார்த்தை மேஜையில் நம்மை ஏய்த்துவிடுவார்கள்.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பரீட்சை இனிமேல்தான். தேறுவாள் என்று இந்த மேடையிலிருந்து வாக்குக் கொடுக்க மாட்டோம். பின்னக் கணக்கில் இன்னும் இரண்டு படி பாக்கி இருக்கிறது. ஆனால் பீடித் தட்டை எடுக்கிறேன் என்று இப்போது சொல்வதில்லை. மாலையில் தம்பிக்கு அவள்தான் சிரட்டைத் தராசைத் தூக்கிப் பிடிக்கிறாள்.

நாளை மாலை 6 மணிக்கு வகுப்பு. உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். முடிந்தால் கூடவே வந்து உட்காருங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற வாலிபர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். இங்கே பிள்ளைகள் அதிகம், சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு.